நகப்பூச்சுக்குள் மறைந்த நோய்

மாதர் சங்கக் கூட்டத்துக்கு அந்த அக்கா வரும்போதெல்லாம் மற்றப் பெண்களின் கண்கள் அவரது விரல்களுக்கே போகும். 2009 இல் கணவரைப் பறிகொடுத்தவர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போட்டே இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தவர். நெற்றியில் பொட்டு இல்லை. ஆனால் பத்து விரலிலும் கடுஞ்சிவப்பு நகப்பூச்சு. "ஆர் பாக்க இந்தச் சோடினை?" என்று பின்வரிசையில் குசுகுசுப்பார்கள்.

நான் சமூகவியல் படித்தவள். விதவைகள் மீதான சமூகப் பார்வை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளியும் வாங்கியவள். இருந்தும் சுழற்சிக் கடனுக்குப் பெயர் எடுத்தபோது, பூச்சு வாங்கக் காசு உள்ளவருக்குக் கடன் எதற்கு என்று என் மனமும் தயங்கியது. அவரது பெயரைப் பட்டியலில் கீழே போட்டேன்.

ஒருநாள் வீட்டுத் தரிசிப்புக்குப் போனபோது அவர் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். பூச்சு உரிந்திருந்தது. மூன்று விரல்களில் நகம் மஞ்சளும் கபிலமுமாகத் தடித்து, அடியில் தோல் வீங்கிச் சிவந்திருந்தது. கையை மறைக்கப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்:

"கடைக்கார ஐயா கண்டிட்டு, இந்தக் கையாலயோ மா குழைக்கிறாய் எண்டு கேட்டவர் மிஸ். இடியப்பத்தை நிப்பாட்டினால் பிள்ளையளுக்கு என்ன குடுக்கிறது? மூண்டு நகத்துக்கு மட்டும் பூசினால் கேப்பினம் எண்டுதான் பத்துக்கும் பூசினனான்."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அடுத்த கிழமை அவரை ஆஸ்பத்திரித் தோல்நோய்க் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றேன்.

அதற்கு முன்னர் அவர் செய்யாத வைத்தியம் இல்லை. பிளேட்டால் சுரண்டியிருக்கிறார், தேசிக்காய்ப் புளி விட்டிருக்கிறார். பாமசியில் கேட்டு வாங்கிய கிறீமைப் பூசச் சொறிவு குறைந்ததாம், ஆனால் நோய் பரவியது. அதில் ஸ்ரெரோயிட் கலந்திருப்பதாக வைத்தியர் காட்டினார். அது வீக்கத்தை அடக்கும். பங்கசுவைக் கொல்லாது, அதற்கு வளர இடங்கொடுக்கும்.

வைத்தியர் உடனே மருந்து எழுதவில்லை. நகத்தை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பழுதாய்ப் போகும் நகமெல்லாம் பங்கசு அல்லவாம். சோரியாசிஸ் நோயிலும் அடிபட்டதாலும் இப்படியே ஆகலாம். ஒரு நகத்தில் மட்டும் கறுப்புக் கோடு தோன்றி அகன்றுகொண்டு போனால் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது என்றும் சொன்னார். இரத்தத்தில் சீனியும் பார்த்தார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நோய் இலகுவில் வரும்.

அக்காவுக்கு வந்தது ஈரத்தால். நாள் முழுக்கத் தண்ணீரில் கை கிடந்தால் நகத்தின் அடித்தோல் கழன்று இடைவெளி விடும். அதற்குள் கன்டிடா என்ற பங்கசு குடியேறும். காலையும் பார்த்த வைத்தியர் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணைக் கண்டார். அது வேறு வகைப் பங்கசு. பெருவிரல் நகத்துக்குள் ஏறிவிட்டிருந்தது. வீட்டில் ஒரே செருப்பை மூவரும் மாறி மாறிப் போடுவதை அப்போதுதான் அக்கா சொன்னார்.

குளிசை தொடங்குமுன் ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் வேறு மருந்து எடுப்பவர்களும் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இன்னொருவர் மிச்சம் வைத்த குளிசையை வாங்கி விழுங்குவது நம் ஊர்ப் பழக்கம். தயவுசெய்து வேண்டாம்.

பொறுமைதான் பெரிய பாடாக இருந்தது. கெட்ட நகம் திருந்தாது. புதுநகம் வளர்ந்து அதை வெளியே தள்ள வேண்டும். விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே வளரும். முழுதாக மாற 6 மாதம் செல்லும், கால் பெருவிரலுக்கு 12 முதல் 18 மாதம். இரண்டாம் மாதம் "ஒண்டும் காணேல்லை மிஸ்" என்று அவர் மருந்தை விடப் பார்த்தார். நகத்தின் அடியில் வெளித்த மெல்லிய புதுக் கீற்றைக் காட்டித்தான் தொடரச் செய்தேன்.

பூச்சை நிறுத்தினார். பழைய பருத்திச் சேலையில் உள்ளுறை தைத்து, அதன்மேல் றப்பர் கையுறை போட்டுச் சட்டி கழுவினார். றப்பரை மட்டும் போட்டால் வியர்வையில் கை நனையும். மாவை அகப்பைக்காம்பால் குழைத்தார். கைகால் ஒவ்வொரு முறை நனைந்ததும் இடுக்கெல்லாம் துடைத்தார். நகவெட்டியும் செருப்பும் ஆளுக்கு வேறாயின. கடைக்கார ஐயாவிடம் நானே போய், ஆவியில் அவிந்த இடியப்பத்தால் நகநோய் தொற்றாது என்று விளக்கினேன். கடன் பட்டியலையும் திருத்தினேன். ஏன் என்று கூட்டத்தில் சொல்வதுதான் கடினமாக இருந்தது.

போன மாதம் அக்கா வெறும் நகத்துடன் வந்திருந்தார். "இப்ப ஏன் பூசேல்லை எண்டு கேக்கினம் மிஸ்" என்று சிரித்தார். கால் பெருவிரல் நகம் இன்னும் பாதிதான் வளர்ந்திருக்கிறது. அடுத்த கிளினிக்குக்குத் தனியாகவே போவாராம்.