வெளி இணைப்பு

எங்கள் தந்தையார் திருவண்ணாமலையில், தேரடித் தெருவுக்கு அருகே, தங்கும் விடுதியொன்றை நடத்தி வந்தார். 1989-இல் ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரானபின், கிரிவலம் வருவோரோடு அலுவல் நிமித்தம் வருவோரும் பெருகினர். அறைக்கொரு தொலைபேசி இல்லாவிட்டால் மதிப்பில்லை என்றாயிற்று. தொண்ணூறுகளின் நடுவில் வரவேற்பு மேசைக்குப் பின்சுவரில் ஓர் இபிஏபிஎக்ஸ் பெட்டி ஏறியது. வெளி இணைப்புகள் நான்கு. உள் இணைப்புகள் இருபத்து நான்கு. பொருத்த வந்தவர் கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதைப் படித்துப் பழகும் பொறுப்பு சகோதரர்களாகிய எங்கள் இருவர் தலையில் விழுந்தது.

இருபத்து நான்கு பேருக்கு நான்கே வாசல்கள். நால்வர் வெளியே பேசிக்கொண்டிருந்தால் ஐந்தாமவருக்கு டயல் டோன் கிடையாது. வெளியிலிருந்து அழைப்பவருக்கும் எங்கேஜ்டு ஒலிதான். கோயிலின் நான்கு கோபுரங்களின் பெயர்களையே இணைப்புகளுக்கு இட்டோம். விசிட்டிங் கார்டில் அச்சிட்ட எண் ராஜகோபுரம். அதில் யாரேனும் பேசிக்கொண்டிருந்தால், வரும் அழைப்பு திருமஞ்சன கோபுரத்துக்கும், பிறகு பேய்க்கோபுரத்துக்கும், கடைசியாக அம்மணியம்மன் கோபுரத்துக்கும் தாவும்படி தொலைபேசி நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஏற்பாடு செய்தோம். அறையிலிருந்து சுழியத்தை அழுத்தி வெளியே போவோருக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்கினோம். இல்லையேல் வரும் அழைப்பும் போகும் அழைப்பும் ஒரே கம்பியில் ஒரே நொடியில் முட்டிக்கொள்ளும். ஊருக்குப் பேச ரிசீவரை எடுத்தவர் முன்பின் அறியாத ஒருவரின் ‘ஹலோ’வைக் கேட்டுத் திகைப்பார்.

இதுவரை கணக்கு. அடுத்தது கணக்கல்ல. எந்த அறைக்கு எவ்வளவு தூரம் பேச அனுமதி என்பதை அந்தப் பெட்டி எங்களைத்தான் கேட்டது. எஸ்.டி.டி. பேசிவிட்டுப் பணம் கட்டாமல் போனவர்கள் இருவர். அந்த இருவருக்காக எல்லா அறைகளையும் பூட்டினோம். பூட்டு எளியது: வெளி இணைப்பு கிடைத்தபின் அழுத்தும் முதல் எண் சுழியமானால் துண்டித்துவிட வேண்டும். வெளியூர் எண்கள் சுழியத்தில்தானே தொடங்கின! வெளியூர் பேச வேண்டியவர்கள் ஒன்பதை அழுத்தி வரவேற்பு மேசையைக் கேட்கட்டும் என்று வைத்தோம்.

தானியங்கித் தொலைபேசி இணைப்பகத்துக்கு 1891-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான ஸ்ட்ரோஜர், ஈமச்சடங்குத் தொழில் செய்தவர். தமக்கு வரும் அழைப்புகளை இணைப்பு தரும் பெண்மணி போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகத்தில் பிறந்ததே அந்தக் கருவி என்றொரு கதை உண்டு. அவநம்பிக்கை அக்கருவியின் பிறவிக்குணம் போலும். நாங்களும் எங்கள் பங்கைச் சேர்த்தோம்.

1998-ஆம் ஆண்டுத் தீபம். மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயர மலையின் உச்சியில் சுடர் தெரிந்தபோது நாங்களும் பணியாளர்களும் மொட்டைமாடியில் கைகூப்பி நின்றோம். மேசையில் ஆளில்லை. முழங்கால் வலியால் மாடியேற இயலாத பெரியவர் ஒருவர் அறையில் இருந்தார். திருநெல்வேலிக்காரர். மகள் அங்கே பிரசவத்துக்குச் சேர்ந்திருப்பதாக மதியமே சொல்லியிருந்தார். சுழியம் அவரை மறுத்தது. ஒன்பது அடித்துக்கொண்டே இருந்தது. அங்கிருந்து மருமகன் அழைத்த அழைப்புகளும் ஆளற்ற அதே மேசையில் ஒலித்து ஓய்ந்தன. கூட்டத்தில் இடிபட்டுச் சென்று, எஸ்.டி.டி. பூத் ஒன்றில் வரிசையில் நின்று அவர் பேசும்போது இரவு ஒன்பது மணியாகிவிட்டது. மகள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை தங்கவில்லை.

முன்னமே பேசியிருந்தாலும் குழந்தை பிழைத்திருக்காது. ஆனால் அப்பாவிடம் பேச வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்த மூன்று மணி நேரம் எங்கள் பெட்டிக்குள் கிடந்தது. மறுநாள் காலை அறைச் சாவியைத் தரும்போது பெரியவர் சொன்னார்: “வெளக்கப் பாக்கப் போனது தப்பில்ல தம்பி. மணி அடிக்கிறதக் கேக்க ஒருத்தர் இருந்திருக்கலாம்.” அவர் கோபித்திருந்தால் எங்களுக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவே கையேட்டை விரித்தோம். நான்கு முறை ஒலித்தும் மேசையில் எடுக்காவிட்டால், அழைப்பு எங்கள் வீட்டுக்கும் மொட்டைமாடியில் புதிதாக வைத்த கருவிக்கும் போகும்படி மாற்றினோம். மாடிக்கொரு தொலைபேசியைப் பூட்டின்றி வைத்தோம். அம்மணியம்மன் இணைப்பை அறைகளிடமிருந்து எடுத்து அவசரத்துக்கென ஒதுக்கினோம். அறைகளின் பூட்டை மட்டும் கழற்றவில்லை. வியாபாரம் என்று ஒன்று இருக்கிறதே!

2021 ஜனவரி 15 முதல், தரைவழித் தொலைபேசியிலிருந்து எந்தக் கைப்பேசியை அழைத்தாலும் முன்னால் சுழியம் சேர்க்க வேண்டும் என்று நாடு முழுவதும் விதி வந்தது. எங்கள் பழைய பூட்டு ஒரே நாளில் எல்லாக் கைப்பேசிகளையும் வெளியூராக்கிவிட்டது. அது எங்களுக்குத் தெரியவே சில வாரங்கள் ஆயின. அறைத் தொலைபேசியைத் தொடுவார் யார்?

அன்று அந்த விதியைப் பெட்டியிலிருந்து அழித்தோம். யாருக்காக அதை எழுதினோமோ அந்த இருவரின் முகமும் எங்களுக்கு நினைவில்லை. எவ்வளவு பாக்கி வைத்துப் போனார்கள் என்று பழைய கணக்குப் புத்தகத்தில் தேடிப் பார்த்தோம். எழுதியே வைத்திருக்கவில்லை.