மண்ணில் ஒளிந்திருந்த காய்ச்சல்

நாங்கள் அக்காள் தங்கை இருவர். எங்கள் ஊர் சிதம்பரத்தை அடுத்த ஒரு சிற்றூர். கடலூரில் விடுதியில் தங்கிப் படித்து வருகிறோம்.

சென்ற ஐப்பசியில் அடைமழை கொட்டியது. அப்பா நாள் முழுவதும் சம்பா வயலில் வெறுங்காலுடன் நின்று நீரை வடித்து விட்டுக்கொண்டிருந்தார். கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நாங்கள் வீடு சென்றபோது அவர் பாதியாக இளைத்திருந்தார். இருமலும் நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல் தெரிந்ததால், காசநோயாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். அம்மா அப்பாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். எங்களைத் திண்ணையோடு நிறுத்தினார். அப்பா எங்களைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார். அன்றிரவு நாங்கள் உறங்கவே இல்லை.

இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் தணியவில்லை. மாசியில் தொடையில் பெரிய கட்டி ஒன்று எழும்பியது. வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த பெண் மருத்துவர், "ஐயா, உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா? மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்தீர்களா?" என்று கேட்டார். இரண்டுக்கும் அப்பா "ஆமாம்" என்றார். அதுவரை யாரும் அவரிடம் வயலைப் பற்றிக் கேட்டதில்லை!

கட்டியின் சீழை எடுத்து ஆய்வுக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். சில நாளில் விடை கிடைத்தது. நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். இதன் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. காலில் உள்ள புண், வெடிப்பு வழியாக உடலுக்குள் நுழையும். சர்க்கரை நோயாளிகளையே மிகுதியாகத் தாக்கும். சில வேளைகளில் காசநோய் போலவே வேடமிடும். ஆனால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பொதுவாகத் தொற்றுவதில்லை. இதைக் கேட்டதும் அம்மா அந்தத் தனித் தட்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். நாங்கள் அப்பாவின் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டோம்.

அப்பா இரண்டு வாரம் மருத்துவமனையில் தங்கி ஊசி மருந்து ஏற்றிக்கொண்டார். பின் மூன்று மாதம் மாத்திரை. நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும் என்றதால், அம்மா நாட்காட்டியில் நாள்தோறும் குறித்து வந்தார்.

விடுதிக்குத் திரும்பியதும் இந்நோயைப் பற்றித் தேடிப் படித்தோம். 1911-இல் இரங்கூனில் இதை முதன்முதலில் கண்டறிந்தவர்கள் விட்மோர் என்ற ஆங்கிலேய மருத்துவரும், அவருடன் பணியாற்றிய கிருஷ்ணசாமி என்ற இந்தியரும். 1912-இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார்கள். 'விட்மோர் நோய்' என்று ஒரு பெயர் நிலைத்தது. கிருஷ்ணசாமியின் பெயரைச் சொல்வோர் சிலரே. இந்நோயால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 89,000 பேர் இறப்பதாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் வசதி எல்லா ஊரிலும் இல்லாததால், பெயர் தெரியாமலேயே பலர் மாண்டு போகிறார்கள்.

அப்பா இப்போது முழங்கால் உயர ரப்பர் காலணி அணிந்தே வயலில் இறங்குகிறார். "பட்டாளத்துக்கா போறீங்க, மாமா?" என்று ஊரார் கேலி செய்கிறார்கள். அவரும் சிரித்துவிட்டு நடந்த கதையைச் சொல்லுகிறார்.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் சேற்றில் கால் வைத்து உழைப்பவர்கள் இருப்பார்கள். மழைக்குப் பின் அவர்களுக்கு நீங்காத காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் வயலைப் பற்றியும் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்விதான் எங்கள் அப்பாவை எங்களுக்குத் திருப்பித் தந்தது.