வட்டக்கானலிலிருந்து கீழே

கொடைக்கானலில் சீசன் என்றால் ஏப்ரல், மே. ஏரியைச் சுற்றி நடப்பதற்கே தோள் இடிபட வேண்டும். எங்களுக்குச் சீசன் புரட்டாசிக் கடைசி. தென்மேற்குச் சாரல் ஓய்ந்திருக்கும், ஐப்பசி அடைமழை இன்னும் பிடித்திருக்காது. முதல் நாள் சாயங்காலம் மாமா கோக்கர்ஸ் வாக்கில் போய் நிற்பார். பெரியகுளம் பக்கம் பளிச்சென்று தெரிந்துவிட்டால், "நாளைக்கு எறங்கிரலாம்டா மாப்ளே" என்பார். அவர் கணக்கு பாதி தடவை பொய்க்கும். நனைந்துகொண்டேதான் இறங்குவோம்.

வட்டக்கானலில் டீ குடித்துவிட்டுக் கிளம்புவது வழக்கம். டால்பின் நோஸ் வரை எல்லோரும் வருவார்கள். பாறை நுனியில் படம் எடுத்துக்கொண்டு, கடையில் சோளம் தின்றுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதற்கப்பால் சரியும் ஒற்றையடிப் பாதையில் போனால் வெள்ளகவி. அங்கிருந்து இன்னும் இறங்கினால் கும்பக்கரை அருவி.

சோலைக்காடு இலையுதிர்த்து நிறம் மாறும் காடு அல்ல. புரட்டாசி வந்ததை அங்கே வேறு விதமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்தில் பாசி விரற்கடை உயரத்துக்கு ஏறியிருக்கும். நீர் கசியும் பாறைகளில் காட்டுக் காசித்தும்பை பூத்திருக்கும். எங்கிருந்தோ சிரிப்பான் குருவிகள் சீட்டியடிக்கும். சத்தம் கேட்கும், ஆளைப் பார்க்க முடியாது. பிறகு அட்டை. கணுக்காலில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவிக்கொள்வோம். மாமா அதை முழுசாக நம்பினார். அட்டைகள் நம்பியதாகத் தெரியவில்லை.

பாதி வழியில் குதிரை மணி கேட்கும். முன்னால் வருகிறவர் தூரத்திலிருந்தே குரல் கொடுப்பார்: "மலைப் பக்கம் ஒதுங்குங்க, பள்ளத்துப் பக்கம் நிக்காதீங்க!" மண்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்போம். காப்பி, ஆரஞ்சு, எலுமிச்சை மூட்டைகள் நெஞ்சை உரசிக்கொண்டு மேலே போகும். ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் சந்தை. திரும்பும்போது அதே குதிரைகளின் முதுகில் அரிசியும் பருப்பும் இறங்கும். நோயாளியைக் கொண்டுபோக வேண்டுமென்றால் டோலிதான். நாங்கள் நடந்த காலத்தில் வெள்ளகவிக்குச் சாலை கிடையாது.

இத்தனைக்கும் வெள்ளகவி கொடைக்கானலுக்கு மூத்த ஊர். 1821-ல் மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்ட் வெள்ளகவியில் தங்கித்தான் மேலே ஏறினார். அமெரிக்க மிஷனரிகள் மேலே பங்களா கட்டியது 1845-ல். பின்னால் வந்த ஊருக்கு ஏரியும் வந்தது, சாலையும் வந்தது, போக்குவரத்து நெரிசலும் வந்தது. முதலிலிருந்த ஊர் குதிரையோடு நின்றுவிட்டது. இதைச் சொன்னால் மாமாவுக்குப் பிடிக்காது. "ரோடு வந்தா நீ இங்க நடக்க வருவியா?" என்பார். அவருக்கென்ன, நடந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். டோலி தூக்குகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

வெள்ளகவிக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. ஊரே கோயில்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு சாமி, திருப்பத்தில் ஒரு சாமி. ஊர் எல்லையில் உட்கார்ந்து, விறைத்த விரல்களால் ஷூ கயிற்றை அவிழ்ப்போம். காலுறையைச் சுருட்டும்போதுதான் தெரியும், ரத்தம் குடித்து உருண்ட அட்டை ஒன்று குதிகாலுக்கு மேலே நிம்மதியாகக் கிடப்பது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, ஈரக் கல்லில் வெறுங்காலை வைத்தால் உச்சந்தலை வரை சில்லிடும். திண்ணையில் உட்காரவைத்து, அங்கேயே விளைந்த காப்பிக்கொட்டையில் கடுங்காப்பி போட்டுத் தருவார்கள். கருப்பட்டி தூக்கலாக இருக்கும்.

அதற்குக் கீழே குளிர் மளமளவென்று குறையும். ஸ்வெட்டர் இடுப்புக்கு வந்துவிடும், சட்டை முதுகோடு ஒட்டும். ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்கு முட்டி வேண்டும். கும்பக்கரையில் குளித்து, மாந்தோப்புகளைத் தாண்டிப் பெரியகுளம் போய், வத்தலக்குண்டு வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடி மலையேற வேண்டும். திண்ணையில் காப்பி கொடுத்த பெரியவரிடம் மாமா இந்தப் பயணத் திட்டத்தை விலாவாரியாகச் சொன்னார். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டே சொன்னார்: "நீங்க பஸ்ஸுல சுத்தி வந்து சேர்றதுக்குள்ள நாங்க சந்தையே முடிச்சிருவோம் தம்பி."