பின்கதவில் ஒரு கோடு

ஆகஸ்ட் 12

இன்று ஆண்டர்சன் தெருவில் பாரம் ஏற்றிய ட்ரை சைக்கிள் ஒன்று காரின் இடது பக்கத்தை உரசிவிட்டது. பெட்ரோல் மூடிக்குக் கீழே தொடங்கிப் பின்கதவின் நடுவரை ஒரு கோடு. அது முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒடுக்கு.

அப்பா காலத்திலிருந்து எங்கள் அச்சகத்துக்குப் பேப்பர் வருவது ஆண்டர்சன் தெருவிலிருந்துதான். சென்னை பிராட்வேயை ஒட்டிய அந்தத் தெருவில் இரு பக்கமும் பேப்பர் கடைகள், கல்யாணப் பத்திரிகைக் கடைகள். நடுவில் மிஞ்சும் வழியில்தான் கார், பைக், தலைச்சுமை, ட்ரை சைக்கிள் எல்லாம் போய்வர வேண்டும். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிவிட்டதால் இன்று கூட்டம் கூடுதல். முன்னால் ஒரு சரக்கு ஆட்டோ அட்டைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. நான் என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இடது கண்ணாடியில் அந்த வண்டி வருவது தெரிந்தது. ஓட்டி வந்த பெரியவர் சீட்டில் இல்லை. இறங்கி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் பலகையின் விளிம்பையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பலகையில் இருபது ரீம் பேப்பர். 23க்கு 36 அங்குலம், 80 ஜி.எஸ்.எம். இந்தக் கட்டைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லிவிடுவேன்: ரீமுக்கு 21 கிலோவுக்குச் சற்று அதிகம், மொத்தத்தில் 425 கிலோவுக்குக் குறையாது. அவ்வளவு பாரம் உருள ஆரம்பித்துவிட்டால் ஒரு மனிதனின் முழங்கை பலத்துக்கு உடனே நிற்காது. காருக்கும் கடைப்படிக்கும் இடையில் அவர் பாதி தூரம் வந்திருந்தபோது, எதிரே ஒரு பைக் ஹாரனை அழுத்தியபடி அந்தச் சந்துக்குள் நுழைந்தது. பைக்கில் இருந்தது பதினெட்டு வயது தாண்டாத பையன். அவன்மேல் மோதாமல் இருக்கப் பெரியவர் ஹேண்டிலை வெடுக்கென்று ஒடித்தார். பலகையின் ஓரத்தில் அடித்திருந்த இரும்புப் பட்டை கார்மேல் பாய்ந்தது. தகரத்தைக் கிழிக்கிற அந்தச் சத்தம் பல்லைக் கூச வைத்தது. பைக் நிற்கவே இல்லை.

நான் சுற்றி வருவதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் பெரியவரின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். யார் அவர், இதில் அவருக்கு என்ன என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. “புது வண்டி மாதிரி இருக்கு, ஐயாயிரம் இல்லாம விடாதீங்க” என்றார் ஒருவர். “அவன்கிட்ட ஏது ஐயாயிரம், ஆயிரம் வாங்கிட்டு விடுங்க மேடம்” என்றார் இன்னொருவர். தீர்ப்புத் தொகையைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு. தீர்ப்பு யார்மேல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பெரியவர் டவுசர் பையிலிருந்து இடது கையால் பணத்தை எடுத்து நீட்டினார். மூன்று நூறு ரூபாய் நோட்டு, சில பத்துகள். “ரெண்டு நடை கூலிம்மா. இதான் இருக்கு. பையன் குறுக்க வந்துட்டான், இல்லாட்டி ஒட்டிக்கினே போயிருப்பேன்” என்றார். ஏன் இடது கையால் எடுக்கிறார் என்று அப்போதுதான் பார்த்தேன். வலது கையை லுங்கித் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார். கதவைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்ட்டில் துருக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சிவப்பு இழுப்பு. இரும்புக்கும் கதவுக்கும் நடுவில் அவருடைய விரல் சிக்கியிருக்கிறது. நடுவிரல் நகம் பாதி பெயர்ந்து தொங்கியது.

சட்டையைப் பிடித்திருந்தவரிடம் “கையை எடுங்க” என்று கத்தினேன். தெருவில் நான் அப்படிக் கத்துகிறவள் இல்லை. பேப்பர் கடை பாய் டெட்டாலும் பஞ்சும் கொண்டுவந்தார். “ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு, நானே கூட்டிட்டுப் போறேன் ஐயா” என்றேன். “லோடை யார்மா பாத்துப்பாங்க? நனைஞ்சாலும் காணாமப் போனாலும் என் தலையில இல்ல விடியும்” என்றார். கடைசியில் பாய் தன் பையன் ஒருவனைக் கட்டுகளுக்குக் காவலாக நிறுத்தினார். அந்தப் பணத்தை நான் வாங்கவில்லை. பெரியவர் அதைத் திரும்பப் பைக்குள் வைக்கவே நேரமாயிற்று. நான் மனம் மாறிவிடுவேனோ என்று நோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

ஆகஸ்ட் 13

காலையில் பாய்க்குப் போன் செய்தேன். நகத்தை எடுத்துவிட்டார்களாம், டி.டி. ஊசி போட்டு இரண்டு தையலும் போட்டிருக்கிறார்கள். பத்து நாள் பாரம் தள்ளக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாள் கூலி யார் தருவார்கள் என்று மருத்துவமனைச் சீட்டில் எழுத முடியாது.

காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, அதில் போட்டுவிடலாம் என்றான் தம்பி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று வருடமாக க்ளெய்ம் எதுவும் இல்லாததால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் இப்போது 35 சதவீதம் தள்ளுபடி வருகிறது. க்ளெய்ம் செய்யாமல் விட்டால் அடுத்த வருடம் 45, பிறகு 50, அதற்கு மேல் ஏறாது. ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் சுழியம். மறுபடி 20, 25, 35, 45 என்று முதலிலிருந்து ஏற வேண்டும். ஐந்து வருடத்தையும் வரிசையாக எழுதிக் கழித்துப் பார்த்தால் இழப்பு 120 சதவீதம். தள்ளுபடிக்கு முந்தைய பிரீமியம் 8,000 ரூபாய் என்றால் 9,600 ரூபாய் போகிறது. வண்டியின் மதிப்பு இறங்க இறங்க பிரீமியமும் இறங்கும் என்பதால் இது கொஞ்சம் குறையலாம். அதோடு 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் நம் கைக்காசு. தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி எடுக்காதவர்களுக்கு பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி விலைதான் கிடைக்கும். ஆறேழாயிரத்துக்குள் முடிகிற சேதத்துக்கு க்ளெய்ம் போடுவது நஷ்டம்.

தெருவில் கூட்டம் நடத்திய பஞ்சாயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். சின்னச் சேதத்துக்கு க்ளெய்ம் போட்டால் தள்ளுபடி போய்விடும், அதனால் எதிரே நிற்பவனிடம் ரொக்கமாக வாங்கு என்கிறார்கள். தள்ளுபடியைக் காப்பாற்றிக்கொள்ள, ஒருவருடைய இரண்டு நடைக் கூலியைப் பிடுங்குவது. நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

சட்டம் தெருவைவிட நியாயமாகத்தான் யோசித்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டை மோட்டார் ஓடும் வண்டிக்குத்தான் கட்டாயமாக்குகிறது. காலால் மிதிக்கிற வண்டி அந்தச் சட்டத்தின்படி மோட்டார் வாகனமே இல்லை. என் கார் அவரை இடித்திருந்தால் அவருடைய காயத்துக்கு என் பாலிசி பதில் சொல்ல வேண்டும், அதற்கு உச்சவரம்பு கிடையாது. அவருடைய வண்டிக்கும் சரக்குக்கும் ஏழரை லட்சம் வரை உண்டு. யார்மேல் தவறு என்று பார்க்காமலே, உயிர் போனால் ஐந்து லட்சமும் கொடுங்காயம் என்றால் இரண்டரை லட்சமும் தரச்சொல்லி 2019இல் திருத்தம் வந்தது. வேகமும் எடையும் இரும்புக்கூடும் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பைச் சுமக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. கார் ஓட்டுகிற எனக்கு 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். 425 கிலோவைத் தள்ளிக்கொண்டு வெறும் ரப்பர் செருப்போடு அதே தெருவில் வருகிறவருக்கு எதுவும் கட்டாயமில்லை.

ஆகஸ்ட் 16

குரோம்பேட்டை டிங்கர் கடையில் வண்டியை விட்டிருக்கிறேன். கம்பெனி சர்வீஸில் கதவையும் குவாட்டர் பேனலையும் முழுதாகப் பெயின்ட் அடிக்க 11,000 என்றார்கள். மாஸ்டர் 6,500க்கு முடித்துத் தருகிறேன் என்றார். இன்று மதியம் போனபோது வேலை நடந்துகொண்டிருந்தது. கதவின் உள்பக்க ட்ரிம்மைக் கழற்றி, ஒடுக்குக்குப் பின்னால் டாலி என்கிற இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, வெளியிலிருந்து சின்னச் சுத்தியலால் தட்டினார். ஒடுக்கின் நடுவில் அல்ல, விளிம்பிலிருந்து வட்டமாக. நடுவில் அடித்தால் தகடு விரிந்து புடைத்துக்கொள்ளுமாம். நாலு தட்டுக்கு ஒருமுறை சுத்தியலை வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் தடவிப் பார்த்தார். “கண்ணு ஏமாத்தும் அக்கா, விரல் ஏமாத்தாது.”

தகடு நேரானபின் பட்டி. அதையும் கனமாகப் போடக் கூடாது, போட்டால் ஒரு வருட வெயிலுக்கே விரிசல் விடும் என்றார். பிறகு வாட்டர் பேப்பரால் தேய்ப்பு, பிரைமர், மறுபடி தேய்ப்பு, கலர், கடைசியில் க்ளியர் கோட். ஆடி, ஆவணி மழை ஈரம் இருக்கிற நாளில் க்ளியர் அடித்தால் பால் படிந்த மாதிரி மங்கிவிடும் என்று வெயிலுக்குக் காத்திருக்கிறார். வெள்ளைதானே, எளிதாகப் பொருந்திவிடும் என்று நினைத்தேன். வெள்ளைதான் கஷ்டமாம். மூன்று வருட வெயில் பட்ட வெள்ளைக்கும் டப்பாவிலிருந்து வருகிற வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரியும். அதனால் புதுப் பெயின்ட்டைக் கோட்டோடு நிறுத்தாமல் பக்கத்துப் பேனலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட வேண்டும்.

கம்பெனியில் அடித்த பெயின்ட் எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டேன். எல்லா அடுக்கும் சேர்த்து 100லிருந்து 120 மைக்ரான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 80 ஜி.எஸ்.எம். தாள் ஒன்றின் கனமும் கிட்டத்தட்ட 100 மைக்ரான்தான். பெரியவர் தள்ளிவந்த பத்தாயிரம் தாளில் ஒன்றை உருவி அந்தக் கதவில் ஒட்டினால் எவ்வளவு கனமோ, அவ்வளவுதான் நாங்கள் அத்தனை பேரும் நின்று சண்டைபோட்ட பொருள். அந்தத் தாள் கனத்தைச் சரிசெய்ய 6,500 ரூபாயும் நாலைந்து நாள் வேலையும் ஆகிறது என்பதும் உண்மைதான். மாஸ்டரின் உழைப்புக்கு அது அதிகமில்லை.

ஆகஸ்ட் 21

வண்டி வந்துவிட்டது. கதவில் கோடு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஆண்டர்சன் தெருவுக்கு இன்று மின்சார ரயிலில்தான் போனேன். பெரியவர் பாய் கடைத் திண்ணையில் உட்கார்ந்து ரீம் சுற்றுகிற காகிதத்தை ஒரு கையால் மடித்துக்கொண்டிருந்தார். பாரம் தள்ள முடியாத நாட்களுக்கு பாய் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார். “வண்டி சரியாயிடுச்சாம்மா?” என்று அவர்தான் முதலில் கேட்டார். விரலைக் காட்டச் சொன்னேன். வீக்கம் வடிந்திருந்தது.

பேச்சுவாக்கில் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று கேட்டேன். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று 1982லேயே தனிச்சட்டம் வந்து, அதன்கீழ் நலவாரியமும் இயங்குகிறது. 18 வயதிலிருந்து 60 வரை பதியலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 முடிந்தவர்களுக்கு ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. இந்த மாநிலம் 1973இல் கை ரிக்‌ஷாவை ஒழித்தது. மனிதன் மனிதனைக் கையால் இழுப்பது அதோடு நின்றது. மனிதன் பாரத்தை இழுப்பது நிற்கவில்லை, அதை இழுக்கிறவர்களுக்காகத்தான் இந்த வாரியம். பெரியவர் சுருக்குப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்த அட்டையை எடுத்தார். புதுப்பிக்க வேண்டிய தேதி எப்போதோ கடந்திருந்தது. “கம்ப்யூட்டர்ல போடணும்னாங்க. அங்க போய் நின்னா ஒரு நாள் கூலி போயிடுது” என்றார். அவருக்கு அறுபதாக இன்னும் இரண்டு வருடம். அதற்குள் பதிவு உயிரோடு இருந்தாக வேண்டும்.

அட்டையையும் ஆதாரையும் படம் எடுத்துக்கொண்டேன். அச்சகத்தில் டி.டி.பி. பார்க்கிற பையன் இதை நாளையே பதிவேற்றித் தருகிறேன் என்றான். வங்கிக் கணக்கு இருக்கிறது என்பதால் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா படிவத்தையும் நிரப்பச் சொல்லியிருக்கிறேன். வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் உயிர் போனாலோ முழு ஊனமானாலோ இரண்டு லட்சம். பெயர்ந்த நகத்துக்கு அதில் ஒன்றும் கிடைக்காது என்பது தெரியும். இருந்தாலும் இருக்கட்டும்.

தொழில் செய்வதற்கான சான்றில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று தெருவில் கேட்டுப் பார்த்தோம். பாய் உடனே போட்டுக்கொடுத்தார். எதிர்க்கடைக்காரர் தன்னிடம் வருகிற வண்டிக்காரர்களின் பெயர்களையும் எழுதித் தருவதாகச் சொன்னார். பத்திரிகைக் கடை வைத்திருக்கிற இருவர், கையெழுத்துப் போட்டால் நாளைக்கு போனஸ் கேட்டு வந்து நிற்பார்கள் என்று தயங்கினார்கள். திங்கட்கிழமை பேப்பர் எடுக்கப் போகும்போது அவர்களிடம் மறுபடி பேச வேண்டும், பாயையும் கூட வரச்சொல்லியிருக்கிறேன்.