முகிலேறிய கணக்கேடு

கணக்கு என்பது வெறும் எண்களின் நிரல் அன்று. ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுத்த வாக்கின் எழுத்து வடிவமே அது. இன்னார் இன்ன நாளில் இத்தனை கிலோ மீன் தந்தார், இன்னார் வலை வாங்க இவ்வளவு முற்பணம் பெற்றார், இன்னும் இவ்வளவு நிலுவை உண்டு என ஒரு கொப்பியில் எழுதப்படும்பொழுது, அவ்வெழுத்தை நம்பியே இரண்டு குடும்பங்களின் அடுத்த மாதம் நகர்கின்றது. கொப்பி அழிந்தாற் கடன் அழிவதில்லை. கடனைப் பற்றிய உடன்பாடே அழிகின்றது. பிணக்குகள் பிறப்பதும் அவ்விடத்திலேதான்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடவெல்லையை அண்டிக் கோறளைப்பற்று வடக்குப் பிரதேசத்தில் அமைந்த கதிரவெளி இவ்வுண்மையைப் பன்முறை பட்டறிந்த ஊராகும். கிழக்கே வங்கக் கடல். வடக்கே மகாவலியின் கிளையாகிய வெருகலாறு. நீரால் வாழும் ஊர் நீராலேயே அலைக்கழிக்கப்படுவதும் உண்டு. 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மாவட்டம் முழுவதையும் நிலைகுலையச் செய்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தை வாரிச் சென்றது. 2006 நவம்பர் 8ஆந் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனையடுத்த மாதங்களில் வாகரைப் பிரதேச மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தனர்.

இத்துணை உயிரிழப்பின் முன்னே தாள்களின் இழப்பை எண்ணிப் பார்ப்பது சிறுமையெனத் தோன்றலாம். ஆயினும், உயிர் தப்பியவர் மீண்டும் வாழத் தலைப்படுகையில் அவரிடம் முதலிற் கேட்கப்படுவது தாளே. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், சங்கத்தின் உறுப்புரிமைப் பதிவு ஆகியவற்றை வைத்திருப்பவர்க்கு வழி திறக்கின்றது. இழந்தவர் வாசல்தோறும் நிற்க நேர்கின்றது. எனவே, ஏட்டை எங்கே வைப்பது என்னும் வினா இத்தகைய ஊர்களுக்கு வாழ்வைத் தொட்ட வினாவாகும்.

இவ்வினாவிற்கு இக்காலம் தரும் விடைகளுள் ஒன்றே முகிற் கணிமை. பெயர் முகிலாயினும் அஃது வானில் மிதப்பதன்று. தொலைவிலுள்ள பெருங்கட்டடங்களில் நிரை நிரையாக அடுக்கப்பட்ட கணினிகளே அம்முகில். எழுதும் கடிதமும் கூட்டிய கணக்கும் எழுதுபவரின் மேசைக் கணினியில் மட்டும் தங்காமல், இணையத்தின் வழியே அங்குச் சென்று ஒன்றுக்கு மேற்பட்ட படிகளாய்ச் சேமிக்கப்படுகின்றன. கைத்தொலைபேசி கடலில் வீழ்ந்தாலும், கடவுச்சொல்லை அறிந்தவர் வேறொரு கருவியில் அதே ஏட்டைத் திறக்கலாம்.

இத்துறையின் வரலாறு நெடியதன்று. சென்னையில் வேரூன்றி இன்று சோஹோ எனப் பெயர் கொண்ட நிறுவனம், இணையத்திலேயே எழுதத்தக்க மென்பொருளை 2005இல் வெளியிட்டது. கூகுள் நிறுவனம் 2006இல் எழுத்துக்கும் கணக்குக்குமான தன் மென்பொருள்களை இணையத்திற் பொதுவில் வைத்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2011இல் தன் அலுவலக மென்பொருள்களைச் சந்தா முறையில் முகிலுக்கு ஏற்றியது. சோஹோ நிறுவனம் 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலும் அலுவலகம் அமைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது. பெருநகரத்திற்கே உரியதெனக் கருதப்பட்ட தொழிலைச் சிற்றூரிலிருந்தும் ஆற்றலாம் என்பதற்கு அது சான்று.

போர்க்காலத்தில் இம்முறையின் பயன் எத்தகையது என்பதை உக்ரேன் நாடு காட்டிற்று. 2022 பெப்ரவரியில் படையெடுப்பு நிகழ்வதற்குச் சில நாள்களின் முன்னரே, அரசின் ஆவணங்களை நாட்டுக்கு வெளியேயுள்ள முகிற் சேவைகளில் வைப்பதற்கு அந்நாட்டுச் சட்டம் இடமளித்தது. கட்டடங்கள் தகர்ந்தபோதும் பதிவேடுகள் பிழைத்தன. 2006இன் கதிரவெளிக்கு அத்தகைய புகலிடம் இருக்கவில்லை.

ஆயினும், முகிலை நம்பியதனால் மட்டும் ஏடு காக்கப்பட்டதாகக் கொள்ளுதல் பேதைமை. அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இலங்கை அரசின் முகிற் சேவை 2023 ஆகஸ்டில் கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அதனால் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்களை மீட்க இயலவில்லை. அமைச்சரவை அலுவலகமும் அவ்விழப்பிற்குத் தப்பவில்லை. காரணம் எளியது. மூல ஏடு இருந்த வலைப்பின்னலிலேயே அதன் மாற்றுப்படியும் இருந்தது. இரண்டையும் தீநிரல் ஒருங்கே பூட்டியது. இணையத்தினின்று பிரித்து வைக்கப்பட்ட படி அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மென்பொருளும் காலங்கடந்ததாயிருந்தது. ஓர் அரசுக்கு நேர்ந்தது ஒரு மீன் வியாபாரிக்கு நேராதென்று எவர் உறுதி கூறவியலும்?

ஆதலின், சிறு வணிகரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரும் இக்கருவிகளைக் கையாளுகையில் மனங்கொள்ள வேண்டியவை சிலவுள.

முதலாவது, ஏடு எவர் பெயரில் உள்ளது என்பது. சங்கத்தின் கணக்கை எழுதுவிளைஞர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் வைத்தால், அவர் விலகும் நாளில் ஏடும் அவருடன் விலகிவிடும். சங்கத்தின் பெயராலேயே கணக்குத் தொடங்கிப் பொருளாளர்க்கு எழுதும் உரிமையும், ஏனையோர்க்குப் பார்க்கும் உரிமையும் வழங்குதல் முறையாகும். எவர் எந்நேரம் எதனை மாற்றினார் என்பதை இம்மென்பொருள்கள் தாமே குறித்து வைத்தலின், பொருளாளரின் நேர்மைக்கும் அது காப்பாகின்றது.

இரண்டாவது, திறவுகோல். கடவுச்சொல்லுடன் கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டு இன்றியமையாதது. ஆனால், அத்தொலைபேசியே வெள்ளத்திற் போய்விட்டால் உரியவரும் வெளியே நிற்க நேரிடும். இத்தகைய வேளைக்கென்றே கூகுள் முதலியன முன்கூட்டித் தரும் மாற்றுக் குறியீட்டெண்களைத் தாளில் எழுதி, இருவேறு வீடுகளில் வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, காலம். இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனியாட் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் நிறுவனம் 2023இல் அறிவித்தது. அமைதியான நகரில் வாழ்பவர்க்கு இரண்டாண்டு நீண்ட காலம். இடம்பெயர்வை அறிந்தவர்க்கோ அஃது ஒரு முகாமின் ஆயுள். ஆண்டில் ஓரிருமுறையேனும் கணக்கினுட் புகுந்து வருதல் தவிர்க்கவொண்ணாதது.

நான்காவது, எழுத்துரு. ஈழத்துத் தமிழ் அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கிவந்தது பாமினி எழுத்துரு. அதில் தட்டச்சான கோப்பு கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றினும், கணினி அதனை ஆங்கில எழுத்துகளாகவே அறியும். முகிலில் ஏற்றியபின் பெயரைத் தேடினாற் கிடைக்காது. அவ்வெழுத்துரு இல்லாத கருவியிலோ பொருளற்ற குறிகளே தோன்றும். பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே ஏற்றுதல் அறிவுடைமை.

ஐந்தாவது, செலவு. முகிற் சேவைகளுட் பலவற்றின் விலை டொலரை ஒட்டியே ஏறியிறங்குகின்றது. 2022இல் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவாக உயர்ந்தபோது, அத்தகைய சந்தாவின் சுமையும் அவ்வாறே ஏறிற்று. கூகுள் இலவசமாய்த் தரும் 15 ஜிகாபைற் இடம் எழுத்துக்கும் கணக்குக்கும் பெரிதும் போதும். அதனைப் படங்களாலும் காணொளிகளாலும் நிரப்பாதிருத்தலே தேவை.

இறுதியாக, கையிலும் ஒரு படி. மின்சாரமும் இணையமும் எந்நாளும் துணைநிற்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாள்தோறும் 13 மணிநேரம் மின்வெட்டு நிலவியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. இணையமின்றியும் எழுத உதவும் வசதியை முன்னரே அமைத்து வைத்தலும், மாதந்தோறும் ஏட்டைச் சிறு நினைவுக்கோலில் இறக்கிக் கழற்றி வைத்தலும், நிலுவைப் பட்டியலை அச்சிட்டு இருதரப்பாரும் கைச்சாத்திடுதலும் மிகையான செயல்களல்ல.

சட்டமும் இதற்குத் துணைநிற்கின்றது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணத்துக்கு ஏற்புடைமை வழங்கியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனியாள் தரவுகளைக் காக்கும் கடப்பாட்டை வகுத்தது. ஆயினும், சட்டம் அறிந்த ஏட்டை ஊர் அறியாதிருப்பின் பயன் யாது? பல்கலைக்கழக விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் ஒருவர், ஒரு பிற்பகற் பொழுதைச் சங்கக் கட்டடத்திற் செலவிட்டு, ஒரு கொப்பியின் கணக்கை முகிலேற்றிக் கொடுத்து, அதன் திறவுகோலை உரியோர் கையில் ஒப்படைப்பாராயின் அதுவே நற்றொடக்கம். கொப்பியை எறிந்துவிட வேண்டியதில்லை. மழை வருமுன் கூரை வேயும் மக்கள், ஏட்டுக்கும் ஒரு கூரை வேய்ந்துகொள்ளட்டும். அது முகிலில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாய் இருக்கட்டும்.