பாலத்தோடு வரும் குழாய்கள்

சிங்கப்பூரில் வேலை முடிந்து ஜொகூர் பாருவுக்குத் திரும்புகிறவர்களுக்குப் பாலத்தின் மேல் வேடிக்கை பார்க்க நேரம் தாராளமாக உண்டு. தூரம் என்னவோ ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். வெள்ளிக்கிழமை மாலையில் பஸ்ஸை நம்புவதைவிட நடந்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள் பலர். ஆனால் சாலையோரமாகக் கூடவே வரும் பெரிய தண்ணீர்க் குழாய்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நல்லபடியாக ஓடும் குழாய்க்கு அதுதான் மரியாதை போலும்.

பாலம் திறந்தது 1924-இல். மூன்று ஆண்டுகள் கழித்து, 1927-இல், சுல்தான் இப்ராஹிமும் சிங்கப்பூர் நகராட்சியும் முதல் தண்ணீர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். குனோங் பூலாயில் 2,100 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டு வாடகை 30 காசு. சுத்திகரிக்காத தண்ணீர் இலவசம். சுத்திகரித்த தண்ணீர் ஜொகூருக்கு வேண்டுமென்றால் மட்டும் 1,000 கேலனுக்கு 25 காசு.

அந்த மலைக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய் வாருங்கள். ஜொகூர் பாருவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். உயரம் 654 மீட்டர்தான். ஆனால் காடு அடர்த்தி, அருவித் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். பிள்ளைகள் குளிக்கட்டும். 1961-இல் போட்ட அடுத்த ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31-இல் முடிந்தபோது, இங்கிருந்த சுத்திகரிப்பு நிலையத்தையும் ஸ்கூடாய் நிலையத்தையும் சிங்கப்பூர் காசு வாங்காமல் ஜொகூரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது.

குழாய் உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பாலமே சாட்சி. 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தை வெடி வைத்துத் தகர்த்தது. ஜப்பானியரைத் தடுக்க வைத்த வெடியில் ஜொகூர்த் தண்ணீரும் நின்றது. அடுத்த இரண்டு வாரம் குண்டுவீச்சில் நகரத்துக் குழாய்கள் ஆங்காங்கே உடைந்து, ஒன்றை ஒட்டினால் இன்னொன்று பீய்ச்சியடித்தது. பிப்ரவரி 15 அன்று தளபதி பெர்சிவல் சரணடைந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில், தண்ணீர் தீர்ந்துவிடும் என்ற பயம் முக்கியமானது.

இன்று பாலத்தின் இரு பக்கமும் சூடாகப் பேசப்படுவது 1962 ஒப்பந்தம். ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன்வரை சிங்கப்பூர் எடுக்கலாம். 1,000 கேலனுக்கு 3 சென். 2061 வரை செல்லும். சுத்திகரித்த தண்ணீரை ஜொகூர் 50 சென்னுக்கு வாங்குகிறது. அந்த 3 சென் நியாயமா என்று கோப்பிக் கடை முதல் நாடாளுமன்றம்வரை குரல் உயர்கிறது. உயரட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நம் தாமானுக்கு வரும் வழியிலேயே காணாமல் போகும் தண்ணீருக்கு இவ்வளவு சத்தம் ஏன் இல்லை?

மலேசியாவில் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு காசாகத் திரும்புவதில்லை. பழுதான மீட்டர், திருட்டு இணைப்பு எல்லாம் இந்தக் கணக்கில் உண்டு. பெரும் பங்கு கசிவு. ஜொகூர் கொஞ்சம் தேவலை, சுமார் நான்கில் ஒரு பங்கு. பாலத்துக்கு அந்தப் பக்கம் அது பத்து சதவீதத்துக்கும் கீழே. மருந்து போட்டு, மின்சாரம் செலவழித்து ஏற்றிய தண்ணீர் மண்ணுக்குள் போகிறது. 2024 பிப்ரவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் கனமீட்டருக்குச் சராசரியாக 22 சென் ஏறியதே, பில்லைப் பார்த்து முணுமுணுத்தோமே, அதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

குழாய்களுக்கு வயதாகிவிட்டது. ஒரு காலத்தில் நாடு முழுக்கப் புதைத்தவை ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்கள். விலை மலிவு, துருப்பிடிக்காது. ஆனால் நாள்பட நாள்பட சிமெண்டிலிருக்கும் சுண்ணாம்பு கரைந்து சுவர் பலமிழக்கிறது. மேலே கனரக லோரி ஓட, கீழே சதுப்பு மண் இறங்க, விரிசல் விடுகிறது. இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு பயன்பாடு குறையும். குழாய்க்குள் அழுத்தம் ஏறும். பலவீனமான குழாய் விடியலுக்கு முன் வெடித்துவிடுகிறது. அப்பாவுக்குத் தேநீர், பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை என்று வீடு பரபரக்கும் நேரத்தில் குழாயில் காற்றுதான் வரும்.

வெடித்த குழாயாவது ஊருக்குத் தெரியும். அன்றைக்கே ஆள் வந்துவிடும். மாதக்கணக்கில் மண்ணுக்கடியில் கசிவதுதான் அதிகத் தண்ணீரைக் குடிக்கிறது. அதைப் பிடிக்க, பின்னிரவு இரண்டு முதல் நான்கு மணிக்குள் ஒரு வட்டாரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்கிறார்கள். எல்லாரும் தூங்கும்போதும் மீட்டர் வேகமாகச் சுற்றினால் எங்கோ ஓட்டை. பிறகு ஒலி கேட்கும் கோலைச் சாலையில் ஊன்றிக் காது கொடுத்துத் தேடுவார்கள்.

குழாயை ஒட்டிய பிறகும் தண்ணீர் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வராது. மேட்டுப் பகுதிக்கும் கடைசித் தெருவுக்கும் கடைசியில்தான். தூரத்து உறவினர் “எங்களுக்கு வந்துவிட்டது” என்று சொன்னால் கோபிக்காதீர்கள். வந்ததும் சிறிது நேரம் பழுப்பாக ஓடும். உள்ளே படிந்திருந்த துரு அது. தெளிந்த பிறகு தொட்டியை நிரப்புங்கள், வெள்ளைத் துணியை மறுநாள் துவைத்துக்கொள்ளலாம்.