கோவளம் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கிற ஆசாமியா நீங்கள்? சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் கோவளம். வறுத்த மீன் வாசனை, அலைச்சறுக்குப் பையன்கள், 'மாப்ளே, ஒரு போட்டோ எடுடா!' எல்லாம் உண்டு.

நட்சத்திர ஓட்டல் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. ஆஸ்டெண்ட் கம்பெனி, நவாப், பிரெஞ்சுக்காரர் என்று ஒவ்வொருவராக வந்து போக, 1752-ல் ராபர்ட் கிளைவ் கோட்டையைப் பிடித்தார். அப்புறம் அதைத் தகர்த்தார்கள். அத்தனை தடவை கொடி மாறிய கரை!

இப்படிக் கொடி மாறுவதைப் பார்த்துப் பார்த்தே உயிரைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் உண்டு. யூதர்கள்!

1497-ல் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியது. பெயர் ரோட்ரிக்ஸ் ஆனது, சந்தேகம் தீரவில்லை. 1560-ல் கோவாவுக்கும் மத விசாரணை மன்றம் வந்தது. மூலிகை வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1568-ல் இறந்தார். மறு வருஷம் அவருடைய சகோதரியை எரித்தார்கள். 1580-ல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டி எரித்தார்கள். செத்தாலும் விடலே சார்!

கொச்சி யூதர்கள் ராஜாவின் நிழலில் ஒதுங்கினார்கள். அரண்மனையை ஒட்டி 1568-ல் ஜெபக்கூடம் எழுந்தது. டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று 1662-ல் போர்ச்சுகீசியர் அதைக் கொளுத்தினார்கள். அடுத்த வருஷமே டச்சுக் கொடி பறந்தது. கூடத்தை மறுபடி கட்டிக்கொண்டார்கள்.

லண்டனுக்குத் தப்பியவர்களின் வாரிசுகள் பிடித்தது இங்கிலீஷ் கொடி. மத்தியதரைக் கடல் பவழத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போனார்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி பிறந்தபோது 12 ஆல்டர்மேன்களில் மூன்று பேர் யூதர்கள். கோவாவில் விறகு அடுக்கிக் காத்திருந்தார்கள். இங்கே நாற்காலி போட்டார்கள்!

கம்பெனிக்குக் கருணை பொங்கியதா? அதெல்லாம் இல்லை. வைர வியாபாரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரேசில் வைரம் வந்தது. கோல்கொண்டா வைரத்துக்கு மவுசு குறைந்தது. அவர்களும் மெல்லக் கரைந்து போனார்கள். தேவைக்காகக் கிடைத்த பாதுகாப்பு, தேவை உள்ளவரைதானே?

திரும்பும்போது பாரிமுனைப் பக்கம் பவழக்காரத் தெருவை எட்டிப் பாருங்கள். அந்த வியாபாரிகள் இல்லை, பெயர் இருக்கிறது. லாயிட்ஸ் ரோட்டில் அவர்களுடைய பழைய கல்லறைக் கற்கள் சில இருக்கின்றன. வேறு இடங்களிலிருந்து பெயர்த்து அங்கே வைத்தவை. பாவம், கல்லுக்கும் இடம் மாற வேண்டியிருந்தது!